ஆஸ்பத்திரி பார்த்து வெச்சாச்சா?

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. எங்க பரம்பரையிலயே டாக்டருக்குப் படிச்சவங்க யாரும் கிடையாது. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து ஆணி புடுங்கற ஆசாமி. அதனால இந்தப் பதிவுல மருந்து, மாத்திரை பத்தி ஒரு வார்த்தை இருக்காது. ஊரை விட்டு வந்து குடும்பம் நடத்தற ஒருத்தன், எந்த உடம்புக்கு எந்த ஆஸ்பத்திரின்னு யோசிச்சு வெச்சிருக்கறதுதான் இது.

பெங்களூருக்கு வர்ற நம்மாளுங்களைப் பாருங்க. வீடு தேட ரெண்டு மாசம். ஸ்கூல் சீட்டுக்கு ஆறு மாசம். நல்ல இட்லி மாவு எங்க கிடைக்கும், ஆடி அமாவாசைக்கு அகத்திக்கீரை எந்த மார்க்கெட்ல வரும், பொங்கலுக்கு எந்த பஸ்ல டிக்கெட் போடணும், எல்லாம் விரல் நுனியில. ஆனா "ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலிச்சா எங்க போவீங்க?"ன்னு கேட்டா ஒரு நிமிஷம் முழிப்பாங்க. அப்புறம், "ஏங்க அபசகுனமா பேசறீங்க"ன்னு ஒரு பதில் வரும். இல்லேன்னா, "பெரிய ஆஸ்பத்திரி ஏதாவது ஒண்ணுக்குப் போயிடுவோம்"னு வரும்.

இந்த ரெண்டாவது பதில்தான் என் பிரச்சினை. பெரிய ஆஸ்பத்திரின்னா நல்ல ஆஸ்பத்திரி, காசு அதிகம் வாங்கினா நல்ல வைத்தியம்னு நம்ம மண்டையில ஏறிப்போச்சு. ஊர்ல இருந்தவரைக்கும் இப்படி இல்லை. எந்த டாக்டர் கைராசிக்காரர், எந்த ஆஸ்பத்திரியில எதுக்குப் போகலாம், எதுக்குப் போகக் கூடாதுன்னு தெருவுக்கே தெரியும். வெளியூர் வந்தவனுக்கு அந்தத் தெரு இல்லை. அந்தத் தெருவை நாமளே உண்டாக்கிக்கணும்ங்கறதுதான் நான் சொல்ல வர்றது.

காக்ஸ் டவுன்ல இருக்கறவங்களுக்கு இந்த விஷயத்துல கொடுத்து வெச்சிருக்கு. இந்தப் பேட்டைகள் வந்த கதையே ஒரு நோய்க் கதைதான். 1898ல பெங்களூர்ல பிளேக் வந்தது. நெரிசலா இருந்த கன்டோன்மென்ட் பகுதி ஜனங்களைக் காத்தோட்டமான இடத்துல குடியமர்த்தணும்னுதான் பிரேசர் டவுன் மாதிரி புதுப் பேட்டைகளைப் போட்டாங்க. காக்ஸ் டவுனும் அந்த வரிசையில வந்ததுதான். கன்டோன்மென்ட் தொட்டு இங்க தமிழ் ஜனம் ஜாஸ்தி. அதனால வைத்தியம் பார்க்கற இடத்துல தமிழ் பேச ஒரு ஆள் கிடைக்காம போறது அபூர்வம். இது சின்ன விஷயம் இல்லை, அப்புறம் வர்றேன்.

சரி, ஆஸ்பத்திரி எத்தனை வகை?

1. தெருமுனை கிளினிக். ஒரு டாக்டர், ஒரு பெஞ்ச், ஒரு டோக்கன் அட்டை. நம்ம பட்டியல்ல முதல் இடம் இதுக்குத்தான். காய்ச்சல், வயித்துப்போக்குன்னு போறதுக்கு மட்டும் இல்லை. ஒரே டாக்டர்கிட்ட ரெண்டு வருஷம் போனா அவருக்கு உங்க வீட்டு சர்க்கரை, பிரஷர், அலர்ஜி எல்லாம் மனப்பாடம். "இது இங்க பார்க்கற கேஸ் இல்லை, உடனே அங்க போங்க"ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு ஃபீஸ் கொடுக்கலாம். அரசாங்கமும் 2022 கடைசியிலேர்ந்து 'நம்ம கிளினிக்'னு சின்ன மருத்துவமனைகளைத் திறந்திருக்கு. பிரஷர், சர்க்கரை பார்க்க அங்க காசு கிடையாது. வீட்டு வேலைக்கு வர்ற அம்மாகிட்டயும் சொல்லி வைங்க.

2. நர்சிங் ஹோம். பத்து இருபது படுக்கை, ஒரு ஆபரேஷன் தியேட்டர், வந்து போற ஸ்பெஷலிஸ்டுங்க. சிக்கல் இல்லாத பிரசவம், ஹெர்னியா, குடல்வால், டிரிப்ஸ் ஏத்தி ரெண்டு நாள் பார்க்க வேண்டிய காய்ச்சல், இதுக்கெல்லாம் அருமையான இடம். முகம் தெரியும், செலவு கட்டுக்குள்ள இருக்கும், வீட்டுலேர்ந்து ரசம் சாதம் கொண்டு போகலாம். ஆனா ராத்திரி யார் டியூட்டி டாக்டர், ஐ.சி.யூ. உண்டா, சி.டி. ஸ்கேன் உண்டா, ரத்தம் எங்கேர்ந்து வரும், இந்த நாலும் தெரியாம பெரிய விஷயத்துக்கு அங்க போகக் கூடாது.

3. டிரஸ்ட், மிஷன் ஆஸ்பத்திரிகள். பெங்களூரோட பெரிய சொத்துன்னா இதைத்தான் சொல்லுவேன். செயின்ட் மார்த்தாஸ் 1886லேர்ந்து நடக்குது. செயின்ட் ஜான்ஸ் 1963ல மெடிக்கல் காலேஜா ஆரம்பிச்சு, 1975ல ஆஸ்பத்திரியும் வந்தது. ஹெப்பால் பக்கத்துல பாப்டிஸ்ட் 1973லேர்ந்து. இந்திராநகர்ல ஒரு ரோட்டுக்கே பேர் வாங்கிக் கொடுத்த சின்மயா மிஷன் ஆஸ்பத்திரி இருக்கு. இவங்க இலவசம் இல்லை. ஆனா பங்குதாரருக்கு லாபம் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. பொது வார்டு, ரெண்டு பேர் ரூம், தனி ரூம்னு நம்ம பைக்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கலாம். பொது வார்டுல படுத்தாலும் பார்க்கறது அதே டாக்டர்தான்.

4. கார்ப்பரேட் ஆஸ்பத்திரி. ஏர்போர்ட் ரோட்டுல மணிபால் 1991ல வந்தப்போ அது ஒரு அதிசயம். இப்போ திரும்பின பக்கமெல்லாம் கண்ணாடிக் கட்டடம். ஒரே கூரைக்குக் கீழ எல்லா ஸ்பெஷாலிட்டியும், 24 மணி நேர ஸ்கேனும், இன்ஷ்யூரன்ஸ் டெஸ்க்கும் இருக்கும். ஒரே ஆளுக்கு இதயம், கிட்னி, நுரையீரல்னு மூணும் மக்கர் பண்ணினா இதை விட வசதியான இடம் இல்லை. ஆனா சளிக்கும் இருமலுக்கும் அங்க போனீங்கன்னா, இருமல் நிக்கறதுக்கு முன்னாடி பர்ஸ் காலியாகும்.

5. அரசு பொது ஆஸ்பத்திரி. நமக்குப் பக்கத்துல சிவாஜிநகர் பவுரிங் இருக்கு. மைசூர் கமிஷனரா இருந்த பவுரிங் பேர்ல 1868ல ஆரம்பிச்சது. கூடவே லேடி கர்சன். இப்போ அதோட ஒரு அரசு மெடிக்கல் காலேஜும் சேர்ந்திருக்கு. மார்க்கெட் பக்கம் விக்டோரியா, பிரசவத்துக்கு வாணி விலாஸ். கூட்டம் இருக்கும், வரிசை இருக்கும், ஒரு சீட்டுக்கு மூணு ஜன்னலுக்கு அலையணும். ஆனா நாய்க்கடி, தீக்காயம், விஷம், விபத்துன்னு ஒரு நாள்ல அங்க பார்க்கற கேஸை வேற இடத்துல ஒரு மாசத்துல பார்த்திருக்க மாட்டாங்க.

6. அரசு சிறப்பு நிறுவனங்கள். நம்மாளுங்க பட்டியல்ல இதுதான் விட்டுப்போகுது! மூளை, நரம்பு, மனசு எல்லாத்துக்கும் நிம்ஹான்ஸ் (1974). புற்றுநோய்க்கு கித்வாய் (1973). இதயத்துக்கு ஜெயதேவா. குழந்தைகளுக்கு இந்திரா காந்தி. எலும்பு முறிவுக்கு சஞ்சய் காந்தி. எல்லாமே ஹோசூர் ரோடு, ஜெயநகர் சுத்துவட்டாரத்துலதான். நாட்டோட எந்தெந்த மூலையிலேர்ந்தோ ஜனங்க ரயிலேறி நிம்ஹான்ஸுக்கு வர்றாங்க. இதே ஊர்ல இருக்கற நாம மட்டும் "அது அரசாங்க ஆஸ்பத்திரியாச்சே"ன்னு மூக்கைச் சுளிக்கறோம்.

7. ஈ.எஸ்.ஐ. 1948 சட்டப்படி வந்தது. 2017 ஜனவரியில மாசச் சம்பள வரம்பை 21,000 ரூபாயா உயர்த்தினாங்க. உங்களுக்கு இல்லைன்னாலும், உங்க ஆபீஸ் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க சம்பளத்துல பிடிக்கறாங்க. அதுல பலர் நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜனங்கதான். இந்திராநகர்லயும் ராஜாஜிநகர்லயும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கு. காசு பிடிக்கறது தெரியும், கார்டு எதுக்குன்னு தெரியாம இருக்காங்க. ஒரு வார்த்தை சொன்னா புண்ணியம்.

வகை தெரிஞ்சாச்சு. இதை எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?

பக்கத்துத் தெரு நண்பர் ஒருத்தர். மாமனார் திண்டுக்கல் பக்கத்துலேர்ந்து பேரனைப் பார்க்க வந்திருந்தார். காலையில ஆறரைக்கு காபி குடிக்கறப்போ டம்ளர் கையை விட்டு நழுவிருச்சு. வாய் கொஞ்சம் கோணலா, பேச்சு குழறலா. நண்பர் பதறிப்போய், நடந்து போற தூரத்துல இருந்த நர்சிங் ஹோமுக்குக் கூட்டிட்டுப் போனார். டியூட்டியில இருந்தவங்க பிரஷர் பார்த்து, டிரிப்ஸ் போட்டு, "பெரிய டாக்டர் ஒன்பதரைக்கு வருவார்"னாங்க. அவர் வந்து பார்த்துட்டு சி.டி. எடுக்கணும்னார். அங்க சி.டி. இல்லை. ஆம்புலன்ஸ் சொல்லி, ஐ.டி.சி. பாலத்து டிராஃபிக்கைத் தாண்டி வேற ஆஸ்பத்திரி போய், அட்மிஷன் போட்டு, ஸ்கேன் முடியறப்போ மணி பன்னெண்டு. பக்கவாதத்துல அடைப்பைக் கரைக்கற ஊசியை, அறிகுறி ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுவும் ஸ்கேன் எடுத்து, மூளையில ரத்தக் கசிவு இல்லைன்னு உறுதி பண்ணினதுக்கு அப்புறம்தான். நேரம் தாண்டிருச்சு. பெரியவர் இன்னிக்கும் இடது கையாலதான் சாப்பிடறார். பேரன் பக்கத்துல உட்கார்ந்து சாதம் பிசைஞ்சு கொடுக்கறான்.

இதுல யாரைக் குத்தம் சொல்றது? அந்த நர்சிங் ஹோம் மோசமான இடம் இல்லை. அந்தப் பேரனே அங்க பொறந்தவன்தான். பிரசவத்துக்கு நல்ல இடம், பக்கவாதத்துக்குத் தப்பான இடம். அவ்வளவுதான் விஷயம். "நல்ல ஆஸ்பத்திரி எது?"ங்கற கேள்வியே அரைகுறைக் கேள்வி. "எதுக்கு நல்ல ஆஸ்பத்திரி?"ன்னு கேட்கணும்.

என் கணக்கு இப்படி:

அவசரம்னா: வாய் கோணல், கை தொங்கல், பேச்சு குழறல் இருந்தா 24 மணி நேரமும் சி.டி.யும் நரம்பு டாக்டரும் இருக்கற இடத்துக்கு நேரா போங்க. நெஞ்சுவலின்னா எந்த நேரமும் ஆஞ்சியோ பண்ற இடம். அங்க நிமிஷக் கணக்குதான். பக்கத்துல இருக்கற இடம் எதுன்னு பார்க்காதீங்க. தேவையானது இருக்கற இடங்கள்ல பக்கத்துல எதுன்னு பாருங்க. இந்த ரெண்டுக்கும் பேர், போன் நம்பர், ராத்திரி வாசல் எந்தப் பக்கம்னு இன்னிக்கே விசாரிச்சு வெச்சுக்கணும். 108 இலவசம், கர்நாடகாவுல 2008லேர்ந்து ஓடுது. ஆஸ்பத்திரியோட சொந்த ஆம்புலன்ஸ் நம்பரையும் சேர்த்து எழுதிக்குங்க.

திட்டமிட்ட ஆபரேஷன்னா: அவசரமே வேண்டாம். முட்டி மாத்தறது, கர்ப்பப்பை எடுக்கறது, பித்தப்பைக் கல்லு, இதுக்கெல்லாம் ரெண்டாவது டாக்டர்கிட்ட ஒரு கருத்து கேளுங்க. அந்த ஆபரேஷனை அவர் மாசத்துக்கு எத்தனை பண்றார்னு கூச்சப்படாம கேளுங்க. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். வாசல்ல என்.ஏ.பி.எச். போர்டு இருந்தா நல்லதுதான். ஆனா அது ஆஸ்பத்திரியோட நடைமுறைக்கு, சுத்தத்துக்கு, பதிவேடுகளுக்குக் கொடுக்கற சான்றிதழ். கத்தி பிடிக்கற கைக்குக் கொடுத்தது இல்லை.

நாள்பட்ட வியாதின்னா: சர்க்கரை, பிரஷர், தைராய்டு இதுக்கெல்லாம் வீட்டுக்குப் பக்கத்துலதான் பார்க்கணும். தூரமா இருந்தா ரெண்டு தடவை போவோம், மூணாவது தடவை "அதான் நல்லா இருக்கோமே"ன்னு விட்டுடுவோம்.

என்ன வியாதின்னே பிடிபடலைன்னா: நம்ம ஜனத்துக்கு உடனே வேலூர் ஞாபகம் வரும். ஐடா ஸ்கடர் அம்மா 1900ல ஒத்தைப் படுக்கையோட ஆரம்பிச்ச இடம். மேல நான் என்ன சொல்ல! கன்டோன்மென்ட்ல ரயிலேறினா காட்பாடி. ரெண்டு மூணு டாக்டர் பார்த்தும் தெளிவு இல்லாத கேஸுக்கு வேலூர் போறது சரியான முடிவு. ஆனா எல்லாத்துக்கும் வேலூர்னு ஓடறது சரியில்லை. டோக்கன், லாட்ஜ், லீவுன்னு பத்து நாள் போயிடும். அவசரத்துக்கு இருநூறு கிலோமீட்டர் தாண்டிப் போறது நினைச்சே பார்க்கக் கூடாத விஷயம்.

அடுத்தது, அம்மா அப்பாவுக்கு ஆபரேஷன் இங்கயா, ஊர்லயா? தங்கமணிக்கும் எனக்கும் இதுல பெரிய விவாதமே நடந்திருக்கு. என் கட்சி: ஆபரேஷன் எங்கங்கறதை விட, அதுக்கப்புறம் ஆறு வாரம் யார் பார்த்துக்கறதுன்னு முதல்ல முடிவு பண்ணணும். ரெண்டு பேரும் ஆபீஸ் போற வீட்டுல, மூணாவது மாடியில, முட்டி மாத்தின அம்மா ஜன்னலையே பார்த்துட்டு இருக்கணும். ஊர்லன்னா பக்கத்து வீட்டு அத்தை வந்து எட்டிப் பார்ப்பாங்க. மதுரை, கோயம்புத்தூர்ல நல்ல டாக்டருக்கு என்ன பஞ்சம்? தங்கமணி கட்சி: ஏதாவது சிக்கல்னா ஊருக்கு ஓட லீவு யார் தருவா? ரெண்டுலயும் நியாயம் இருக்கு. ஆனா பெத்தவங்களைக் கேட்காம நாமளே முடிவு பண்றது மட்டும் நியாயம் இல்லை.

எங்கம்மாவுக்கு எழுபத்திரெண்டு. வருஷத்துல பாதி இங்க. அவங்க போடற ஒரே கண்டிஷன், "எனக்கு என்ன பண்ணுதுன்னு டாக்டர்கிட்ட நானே சொல்லணும்." பையன் மொழிபெயர்த்தா "மேலுக்கு முடியலை"ங்கறது வெறும் காய்ச்சலா மாறிடும். "நெஞ்சைக் கரிக்குது", "படபடன்னு வருது", "அசதியா கெடக்கு", இந்த மூணும் மூணு விஷயம். இதை இங்கிலீஷ்ல சொல்ல எனக்குத் தெரியாது. பையன்கிட்ட சொல்லக் கூச்சப்படற விஷயமும் இருக்கும். அதனால தமிழ் தெரிஞ்ச டாக்டரைத் தேடறது மொழிப்பற்று இல்லை, வைத்தியத்துல ஒரு பாதி. காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பக்கம் இருக்கறவங்களுக்கு இது சுலபம். ஒயிட்ஃபீல்டு பக்கம் இருக்கறவங்க கொஞ்சம் தேடணும்.

இப்போ காசு. ஆபீஸ் இன்ஷ்யூரன்ஸை மட்டும் நம்பாதீங்க. வேலை போன அன்னிக்கு அதுவும் போயிடும். பெத்தவங்களுக்குத் தனி பாலிசி எடுங்க. 2024லேர்ந்து அறுபத்தஞ்சு வயசைத் தாண்டினவங்களுக்கும் கம்பெனிகள் பாலிசி தரலாம்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வழி விட்டிருக்கு. ஏற்கெனவே இருக்கற வியாதிக்குக் காத்திருக்கற காலமும் அதிகபட்சம் மூணு வருஷம்னு குறைஞ்சிருக்கு. ரூம் வாடகை வரம்பை மட்டும் கட்டாயம் படிங்க. நாளைக்கு 5,000 வரம்பு இருக்கறப்போ 10,000 ரூபா ரூம் எடுத்தா, வாடகை வித்தியாசம் மட்டும் நம்ம தலையில விழாது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் மாதிரியானதையும் பாதியா வெட்டற பாலிசிகள் உண்டு. ஜன்னல்ல ஏரி தெரியற ரூமுக்கு ஆசைப்பட்டு லட்சக்கணக்குல கட்டினவங்களை எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டு ரேஷன் கார்டை வெச்சிருக்கற குடும்பங்கள் ஒண்ணு கவனிக்கணும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அந்த ஊர்க் கார்டையும் வருமானத்தையும் பார்த்துக் கொடுக்கறது. கர்நாடகா 2018ல கொண்டு வந்த ஆரோக்ய கர்நாடகா திட்டம் இந்த ஊர்க் கார்டைப் பார்க்கும். ரெண்டு ஊருக்கும் நடுவுல நிக்கறவங்க, நல்லா இருக்கறப்பவே அட்டை எங்க செல்லும்னு ஆஸ்பத்திரித் திட்டக் கவுன்ட்டர்ல கேட்டு வெச்சுக்கறது நல்லது.

உங்க உரிமை நாலும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் உயிர் காக்கற முதல் சிகிச்சையை மறுக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1989லயே சொல்லியாச்சு. கர்நாடகா தனியார் மருத்துவ நிறுவனச் சட்டம் 2007ல வந்தது, 2017ல திருத்தினாங்க. அதன்படி அவசரத்துல முன்பணம் கட்டினாத்தான் பார்ப்பேன்னு சொல்லக் கூடாது. பில் பாக்கின்னு சொல்லி இறந்தவர் உடலைப் பிடிச்சு வெக்கக் கூடாது. கேஸ் பேப்பரைக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள டாக்டர் கொடுக்கணும்னு மருத்துவக் கவுன்சில் 2002லயே விதி போட்டிருக்கு. சண்டை போடறதுக்காக இதைச் சொல்லலை. கவுன்ட்டர்ல நிதானமா சொல்லத் தெரிஞ்சிருக்கணும்.

"அரசு ஆஸ்பத்திரியைத் தூக்கிப் பேசறியே, நீ போவியா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. காய்ச்சலுக்கு போக மாட்டேன். ஒரு நாள் லீவு போட்டு வரிசையில நிக்கற பொறுமை எனக்குக் கிடையாது. தலையில அடிபட்டா நிம்ஹான்ஸ், குடும்பத்துல யாருக்காவது புற்றுநோய்னு சந்தேகம் வந்தா கித்வாய்ல ஒரு கருத்து, இதுல எனக்கு ரெண்டாவது யோசனை இல்லை. அங்க படுக்கை கிடைக்காம போகலாம். அதனாலதான் பட்டியல்ல ரெண்டாவது பேரும் வேணும்ங்கறேன். நாம வரி கட்டி நடக்கற இடத்தை நாமளே எட்டிப் பார்க்கலைன்னா அது எப்படி உருப்படும்?

கடைசியா ஒரு வேலை. இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வெள்ளைத்தாள் எடுங்க. குடும்ப டாக்டர், நெஞ்சுவலிக்கு ஒரு இடம், பக்கவாதத்துக்கு ஒரு இடம், குழந்தைக்கு ஒரு இடம், விபத்துக்கு ஒரு இடம். ஒவ்வொண்ணுக்கும் மாத்துக்கு இன்னொரு பேர். கீழ வீட்டுல ஒவ்வொருத்தரும் சாப்பிடற மாத்திரை, ரத்த வகை, பாலிசி நம்பர். பெரிய எழுத்துல, தமிழ்ல எழுதுங்க. நீங்க ஆபீஸ்ல இருக்கறப்போ அதைப் படிக்கப் போறது உங்க அம்மாவாவோ மாமியாராவோதான் இருக்கும். பிரிட்ஜ் கதவுல ஒட்டிடுங்க.

அபசகுனம்னு யாராவது சொன்னா, வீட்டுல குடை வெச்சிருக்கறதால மழை வராதுன்னு சொல்லுங்க.

பி.கு.: எங்க வீட்டு பிரிட்ஜ்ல ஒட்டினதைப் பார்த்துட்டு அம்மா கேட்ட ஒரே கேள்வி, "பல்லு டாக்டரை விட்டுட்டியேடா?" சேர்த்தாச்சு.